மைனாவிடம் சம்மதம் கேட்ட நாள்

நாமக்கல் பக்கத்துக் குதிரைக்காரர்கள் உபகாரசாமிக்கு வைத்திருந்த பெயர் 'இன்னும் ஆகலை'. நேரில் பார்த்தால் மாஸ்டர் என்பார்கள். அவர் தலை மறைந்ததும், "இன்னும் ஆகலை வந்துட்டுப் போறாருங்க" என்று சிரிப்பார்கள். குதிரையைப் பழக்கக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் போன் செய்து, "ஏனுங்க மாஸ்டர், நம்ம குதிரை ஆயிருச்சுங்களா?" என்று யார் கேட்டாலும் அந்த இரண்டு வார்த்தைதான் பதில். கோபித்துக்கொண்டாலும் அதுதான், கெஞ்சினாலும் அதுதான். அந்த வார்த்தையை அவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு முறை.

அவர் அப்பா சேலத்தில் கொத்தனார். உபகாரசாமி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும், பங்குச் சாமியார் சொல்லி, பெங்களூரில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சாணி அள்ளச் சேர்ந்தார். ஜாக்கி ஆகலாம் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. பதினெட்டு வயதில் உடம்பு அறுபது கிலோவைத் தாண்டியது. நினைப்பு அதோடு போயிற்று. பிறகு, முதுகில் ஆளே ஏறாத இளங்குதிரைகள், ஏறியவனைத் தள்ளிவிடுகிறவை, வாய் கெட்டுப்போனவை என்று மற்றவர்கள் தொட யோசிக்கிறவை எல்லாம் அவர் பங்குக்கு வந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் இடது மணிக்கட்டு இரண்டு தடவையும் இடுப்பெலும்பு ஒரு தடவையும் உடைந்தன. அதன்பின் ஊர் திரும்பி, அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். ஆறு குதிரைகள் நிற்கிற தகரக் கொட்டகை, மணல் கொட்டிய வட்டக் களம், ஓரத்தில் இரண்டு அறை வீடு. மனைவி இசபெல்லா வீட்டில் பள்ளிச் சீருடை தைத்தார்.

வேலைக்குக் குறைவில்லை. கோழிப்பண்ணைக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களும் கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு மார்வாரிக் குதிரை வாங்கிவிடுகிறார்கள். அதன்மேல் உட்கார முடியாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிகிறது. தெரிந்ததும் வண்டியில் ஏற்றி உபகாரசாமியிடம் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் ஒருவரின் அவசரத்துக்காக நாற்பதே நாளில் ஒரு குதிரையைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த வாரமே அந்தச் சொந்தக்காரர் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் குதிரையை யாருக்கோ தள்ளிவிட்டார்கள். அது எங்கே போனது என்று உபகாரசாமி ஆறு மாதம் விசாரித்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. 'இன்னும் ஆகலை' அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

மைனா வந்தது ஐப்பசி மழையில். நாலரை வயதுப் பெண்குதிரை, கருஞ்செவலை. காது நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி உள்ளே வளைந்திருந்தன. மோகனூர் பக்கம் நவநீதகிருஷ்ணன் என்ற ரிக் வண்டிக்காரர் தன் மகளுக்காக வாங்கியது. தர்மபுரிப் பக்கத்துத் தரகர் தீர்த்தகிரி, "குழந்தைகூட ஏறலாமுங்க" என்று சொல்லி விற்றிருந்தார். வந்த அன்று களத்தில் விட்டுப் பார்த்தபோது, தூரத்தில் ஒரு கல்யாண வண்டியில் மேளம் அடித்தார்கள். மைனா நின்ற இடத்திலேயே முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க ஆரம்பித்தது. முகத்தில் வேர்வை. மேளம் நிற்கும் வரை அது நிற்கவில்லை.

"ஆட்டக் குதிரை" என்றார் உபகாரசாமி.

இசபெல்லா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே ஆடுது?"

"அது ஆட்டமில்ல, பயம்."

ஊர்வலத்துக்கு ஆடப் பழக்குவதை அவர் பார்த்திருக்கிறார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிவைத்து, முள் வைத்த கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, மேளத்துக்குத் தகுந்தபடி முன்னங்காலில் குச்சியால் அடிப்பார்கள். சில நாளில் குச்சி தேவைப்படாது. மேளம் கேட்டாலே கால் எழும்பும். மைனாவுக்கு அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. தோள்களுக்கு நடுவே, கழுத்து முடிந்து முதுகு ஆரம்பிக்கிற மேட்டில், உள்ளங்கை அகலத்துக்கு முடி வெள்ளையாக முளைத்திருந்தது. சேணம் உரசிப் புண்ணாகி ஆறின இடத்தில்தான் அப்படி வெள்ளை முடி வரும். புண்ணின்மேலேயே மறுபடி மறுபடி ஜரிகைச் சேணத்தைக் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அவிழ்த்ததும் எரிகிற மருந்து எதையோ தண்ணீரில் கலந்து ஊற்றியிருக்க வேண்டும். ஈரக்கையோடு அந்த இடத்துக்குப் பக்கத்தில் போனாலே மைனா மரக்கட்டையாக விறைத்துக்கொள்ளும். உடம்பு அசையாது; தோளுக்குக் கீழே தோல் மட்டும் குட்டிக் குட்டி அலையாகத் துடிக்கும். அதன் பிறகு என்ன வரும் என்பதை அவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார். பின்னங்காலில் எழுந்து நிற்கும். எழுந்த குதிரையைக் கயிற்றால் கீழே இழுத்தால் அது மல்லாக்க விழும். மேலே இருப்பவன் அடியில் சிக்குவான்.

மூன்று வாரம் அவர் எதுவும் செய்யவில்லை. களத்தின் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது வாரம் மைனா வந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்தது. பிறகு உலர்ந்த கை, உலர்ந்த துணி, காலிச் சாக்கு, அரைச் சாக்கு மணல். கார்த்திகை முடியும்போது அந்த வெள்ளை முடியின்மேல் அவரால் கை வைக்க முடிந்தது. மார்கழியில் வயிறு படக் குறுக்காகச் சாய்ந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சேணத்தில் முழுதாக உட்கார்ந்தார். மைனா ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தலையிலிருந்து வால் வரை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நடந்தது. மனசு லேசானால் குதிரை அப்படித்தான் உதறும். உபகாரசாமி அன்று சாப்பிடும்போது இதை இரண்டு தடவை சொன்னார்.

"என் முதுகு வலிக்குதுன்னு நான் பத்து வருஷமா சொல்றேன்" என்றார் இசபெல்லா. "இப்படி ஒரு நாள் உக்காந்து கேட்டிருப்பீங்களா?"

"நீ எந்திரிச்சு நிக்க மாட்டியே."

"நின்னுருக்கணும். அப்பத் தெரிஞ்சிருக்கும்."

நவநீதகிருஷ்ணனின் மகள் யுவஸ்ரீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். நாமக்கல்லில் கல்லூரி இரண்டாம் வருஷம். அதிகம் பேசாத பெண். சொன்னதை ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள். கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் உபகாரசாமி அவளிடம் ஒன்றே ஒன்று காட்டினார்.

"இங்க பாரும்மா, தோளுக்குக் கீழ. இந்தத் தோல் துடிச்சா ஏறக்கூடாது. யார் சொன்னாலும் ஏறக்கூடாது. ஏறியிருந்தா இறங்கிடணும்."

"சரிங்க மாஸ்டர்."

தை மாதம் அவளை மைனாமேல் உட்காரவைத்து அவரே கயிறு பிடித்து நடத்தினார். மாசியில் அவளே களத்தைச் சுற்றினாள். மூன்று ஞாயிறு நன்றாகப் போனது. நாலாவது ஞாயிறு தூறல் விழுந்தது. முதல் துளி கழுத்தில் பட்டதும் மைனா விறைத்தது, தோல் துடித்தது. யுவஸ்ரீ அவர் சொல்லும் முன்பே இறங்கிவிட்டாள். இறங்கினவளைப் பார்த்து உபகாரசாமிக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் குதிரை ஆகவில்லை. ஈரத்துக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகும். மேளத்துக்கு அதற்கு மேலும்.

ஆனால் நவநீதகிருஷ்ணன் தேதி வைத்துவிட்டிருந்தார். இரண்டு வருஷம் முன்பு தெலங்கானாவில் அவருடைய ரிக் லாரி கவிழ்ந்து அவர் பிழைத்து வந்தபோது, அவர் அப்பா நாச்சிமுத்து குலசாமியிடம் வேண்டிக்கொண்டார். மண்குதிரை எடுத்துவைக்கிற கருப்பனார் கோயில் அது. மண்குதிரைக்குப் பதிலாக நிஜக் குதிரையில் பேத்தி வந்து இறங்குவாள் என்பது வேண்டுதல். பங்குனி மூன்றாம் வெள்ளி, பத்து மணிக்குமேல் பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

மாசி கடைசியில் போன் வந்தது.

"மாஸ்டர், ஒளிவுமறைவில்லாமச் சொல்லிப்போடறேன்" என்றார் நவநீதகிருஷ்ணன். "இந்தப் பங்குனிக்கு ஆகலைன்னா எனக்கு அந்தக் குதிரை வேண்டாமுங்க. தீர்த்தகிரி திருப்பி எடுத்துக்கறேங்கறாரு. கேரளாவுல ஊர்வலத்துக்குக் கேக்கறாங்களாமா. புள்ளைக்கு வேற சாதுவாட்ட ஒண்ணு பாத்துக்கறேன். எங்கப்பா நாளை மாத்த மாட்டாருங்க. ஆயிருச்சுங்களா, இல்லீங்களா?"

உபகாரசாமி கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். மைனா தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்த கேரட்டைத் தேடியது. ஆகலை என்று சொன்னால் அந்த வாரமே தீர்த்தகிரி வண்டி வந்து நிற்கும். அந்தக் கம்பங்கள், அந்த முள் கடிவாளம், ஜரிகைச் சேணம். கோயில்வரை அரை கிலோமீட்டர்தான். உலர்ந்த வெயில் காலம். மேளம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். கயிறு தன் கையில் இருக்கப்போகிறது.

"ஆயிருச்சுங்க" என்றார்.

"நெசமாலுமா! உங்க வாயிலிருந்து இந்த வார்த்தை வருமுன்னு நான் நெனைக்கவே இல்லீங்களே" என்று நவநீதகிருஷ்ணன் சிரித்தார்.

"ரெண்டே ரெண்டு விஷயங்க. மேளம் வேணாம். வெடி வேணாம். குதிரை திரும்பி வர்ற வரைக்கும்."

"ஒரு சத்தம் இருக்காதுங்க. நான் பொறுப்பு."

வியாழக்கிழமை மைனாவை மோகனூர் கொண்டுபோனார்கள். தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கிற காளியாத்தாள், குதிரைக்கென்று தனியாகக் கூட்டிப் பெருக்கி வைக்கோல் பரப்பியிருந்தாள். "வாங்க சாமி, வாங்க" என்று அவள் அழைத்தது உபகாரசாமியையா குதிரையையா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெயில் பளிச்சென்றிருந்தது. நவநீதகிருஷ்ணன் சொன்ன சொல் தவறவில்லை. மேளக்காரர்கள் மேளத்தைத் துணி சுற்றி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு கார்களில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சேணம் போடாமல் மைனாவை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வேட்டியை வரிந்து கட்டிய பூசாரி ஒரு பித்தளைச் சொம்போடு நின்றார். சொம்பில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை.

"இது என்னங்க?" என்றார் உபகாரசாமி.

நாச்சிமுத்துதான் பதில் சொன்னார். எழுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கனிவான குரல். "உத்தரவு கேக்கோணுமுங்களே. கிடாய்க்குக் கேக்கறாப்பலதான். தண்ணி ஊத்துனா துளுக்கோணும். துளுக்கிருச்சுன்னா கருப்பன் சம்மதிச்சாச்சு."

கிடாய் வெட்டுகிற கோயில்களில் உபகாரசாமி அதைப் பார்த்திருக்கிறார். தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டமே மூச்சுப் பிடித்து நிற்கும். ஆடு துளுக்கினால், அதாவது உடம்பை உதறினால், சாமி ஒப்புக்கொண்டது. உதறாவிட்டால் வெட்ட மாட்டார்கள். ஒரு குதிரைக்கு அதைச் செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஐயா, இதுக்கு ஈரம் ஆகாதுங்க" என்றார். "தலையில மட்டும் ரெண்டு சொட்டு…"

"முதுகுலதானுங்க ஏறப்போறா? முதுகைத்தான் கேக்கோணும்."

பூசாரி ஊற்றினார். மைனாவின் தலை உயர்ந்தது, உடம்பு மரமானது. எதுவும் நடக்கவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை ஊற்றினார். உபகாரசாமி கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மணி பத்தேகால். யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது சொம்பில் தண்ணீர் வெள்ளை முடிமேல் நேராக விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. தோளுக்குக் கீழே தோல் துடித்தது. அலை அலையாக, நிற்காமல்.

"துளுக்கிருச்சு! துளுக்கிருச்சு!" என்று பூசாரி கத்தினார். நாச்சிமுத்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்; கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

இது துளுக்கு இல்லை. கிடாய் உதறுவதைப் பார்த்த யாருக்கும் தெரியும், இது உதறல் இல்லை என்று. உதறாத உயிர் ஒப்புக்கொள்ளாத உயிர். அவர்களுடைய வழக்கப்படியே இன்று வேண்டாம் என்றுதான் பதில் வந்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் உபகாரசாமியிடம் இருந்தது. ஆனால் அது கோயில் காரியம். அவர் கழுத்தில் ஜெபமாலை. கையெடுத்துக் கும்பிட்டு அழுதுகொண்டிருக்கிற பெரியவரிடம், உங்கள் சாமி சம்மதிக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வது?

வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். "மொதல்ல நான் ஒரு சுத்து ஏறிப் பாத்துர்றேங்க."

"அது முறையில்லீங்க" என்றார் நாச்சிமுத்து, அதே கனிவோடு. "உத்தரவு புள்ளைக்கு வந்தது. நடுவால வேத்தாளு ஏறக்கூடாது."

வேற்றாள். ஈர முதுகைத் தன் துண்டால் ஒற்றிவிட்டு, தன் கையாலேயே சேணத்தைக் கட்டினார். யுவஸ்ரீ பட்டுப் பாவாடைக்குள் பேன்ட் போட்டிருந்தாள். அங்கவடியில் கால் வைப்பதற்கு முன் அவள் மைனாவின் தோளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கடிவாளத்தைச் சரி செய்துகொண்டிருந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். மைனா அசையவில்லை. ஒரு அடி, இரண்டு அடி நடந்தது. அப்போது வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள். மேளம் இல்லை, வெடி இல்லை. குலவையை யாரும் சத்தம் என்று கணக்கில் வைத்திருக்கவில்லை.

மைனா பின்னங்காலில் எழுந்தது. உபகாரசாமி கயிற்றை விட்டுவிட்டார். விடுவதுதான் சரி. பிடித்து இழுத்திருந்தால் ஐந்தாறு மனிதர் எடை கொண்ட அந்த உடம்பு மல்லாந்து அவள்மேல் விழுந்திருக்கும். கயிறு விடுபட்டதும் மைனா பக்கவாட்டில் திரும்பி நாலு காலையும் ஊன்றியது. அந்தத் திருப்பத்தில் யுவஸ்ரீ சரிந்து வாசல் படியின் சிமெண்ட் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள். எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான். குதிரை எழுந்தது, மாஸ்டர் கயிற்றை விட்டுவிட்டார்.

"கயித்த உட்டுட்டீங்களே மாஸ்டர்!" என்று நவநீதகிருஷ்ணன் அலறினார். மகளைக் காரில் தூக்கிப் போடும்போதும் அதையே சொன்னார்.

மைனா ஓடவில்லை. கரும்பு வயல் ஓரம் வரை போய், சேணம் ஒரு பக்கம் தொங்க, நடுங்கிக்கொண்டு நின்றது. உபகாரசாமி போய்ப் பிடித்து வந்தார். வாசலில் கூட்டம் இல்லை. கவிழ்ந்த சொம்பைக் காளியாத்தாள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

யுவஸ்ரீக்கு இடுப்பெலும்பில் முறிவு. நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். நடந்துவிடுவாள், நாளாகும் என்றார் டாக்டர். மைனாவைத் தோட்டத்திலேயே கட்டிவைத்திருந்தார்கள். சாமி சம்மதித்தது எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. ஆகவே தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். மாடு, குதிரைகளின் உடம்பிலுள்ள முடிச்சுழி பார்த்துப் பலன் சொல்கிற கண்ணுசாமி என்பவரை நாச்சிமுத்து வரவழைத்தார். அவர் மைனாவைச் சுற்றி வந்து, முதுகு மேட்டிலிருந்த வெள்ளை முடியைத் தூரத்திலிருந்தே காட்டி, "இது பொறவிக் குறிங்க. ஏறுனவங்களுக்கு ஆகாது" என்றாராம். காளியாத்தாள் போனில் சொன்னாள். "உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சுங்க சாமி."

எட்டாம் நாள் உபகாரசாமி ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்லவேளையாக நவநீதகிருஷ்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். யுவஸ்ரீ கண்ணைத் திறந்து, "உக்காருங்க மாஸ்டர்" என்றாள். அவர் உட்காரவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்மா."

"எனக்கும் தெரிஞ்சுதுங்க. தோல் துடிச்சுது" என்றாள். "தாத்தா அழுதுட்டு இருந்தாரு. நீங்க என்னைப் பாப்பீங்கன்னு பாத்தேன். நீங்க பாக்கலை. சரி, பரவால்லன்னு நெனச்சுட்டேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். உபகாரசாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லட்டுமா? நான் 'ஆயிருச்சு'ன்னு சொன்னது பொய்யின்னு?"

"சொன்னா மைனாவ வெச்சுக்குவாருங்களா?"

"மாட்டாரு."

"அப்பறம் எதுக்குங்க?"

ஆனாலும் அவர் வராந்தாவில் காத்திருந்து நவநீதகிருஷ்ணனிடம் சொன்னார். ஆறு மாதம் பாக்கி இருந்தது, தெரிந்தே சொன்னேன், குதிரையின்மேல் தப்பில்லை, என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். நவநீதகிருஷ்ணன் மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எம்புள்ள உசுரோட விளையாண்டுட்டு, இப்பக் குதிரையக் கேக்கறீங்களா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "போயிருங்க."

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை காளியாத்தாள் மறுபடி கூப்பிட்டாள். தீர்த்தகிரியின் வண்டி வந்திருக்கிறது. மைனா ஏற மாட்டேன் என்கிறது. மூன்று ஆட்கள், ஒருவன் மூக்கில் கயிறு முறுக்குகிறான், ஒருவன் பின்னாலிருந்து பைப்பால் அடிக்கிறான். "ரெத்தம் வருதுங்க சாமி. நீங்க வந்து ஏத்தி உட்டுப்போட்டுப் போங்க. உங்க பின்னால வரும்."

"போகாதீங்க" என்றார் இசபெல்லா. தையல் இயந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "அவங்க வேலை, அவங்க செய்யட்டும். நீங்களே கொண்டுபோயிக் குடுக்கணுமா?"

"நான் போகலைன்னாலும் போகத்தான் போகுது. அடிபட்டுப் போகும்."

"தெரியுது. அதான் போகாதீங்கன்றேன்."

அவர் தீர்த்தகிரிக்குப் போன் செய்து, வருகிறேன், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார். மோட்டார் சைக்கிளில் ராசிபுரம், நாமக்கல் தாண்டி மோகனூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே வரவில்லை. தீர்த்தகிரி வண்டி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வணக்கம் சொன்னார்.

"வாங்க மாஸ்டர். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க, உங்களத் தவிர யாருக்கும் அடங்க மாட்டேங்குது."

"அடிச்சா யாருக்கும் அடங்காது."

"என்னங்க பண்றது? உங்களுக்கு ஆறு மாசம் குடுப்பாங்க. எனக்குப் பத்து நாள்ல வேணுங்கறாங்க." அவர் சிரித்தார், அதில் விரோதம் இல்லை. "ரெண்டு பேரும் ஒரே தொழில்தானுங்க."

மைனாவின் மேலுதடு கிழிந்து வீங்கியிருந்தது. தூரத்திலேயே அவர் நடையைக் கேட்டுக் காதுகள் திரும்பின. உபகாரசாமி மூக்குக் கயிற்றை அவிழ்த்து எறிந்தார். கழுத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆட்களை விலகச் சொன்னார். பிறகு அதன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, பலகைச் சாய்வில் ஏறி வண்டிக்குள் நடந்தார். பின்னால் குளம்புச் சத்தம் பலகையில் கேட்டது. ஒரு தயக்கம்கூட இல்லை. உள்ளே வந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

"அட!" என்றான் பைப் வைத்திருந்தவன்.

அவர் தலைக்கயிற்றைக் கம்பியில் கட்டினார். சுலபமாக அவிழ்கிற முடிச்சாக. மைனா அவர் சட்டைப் பையைத் துழாவியது. கேரட் இல்லை, அவசரத்தில் எடுத்து வரவில்லை. பக்கக் கதவு வழியாக இறங்கினார். அவர் இறங்கியதும் உள்ளே காலை உதைக்கிற சத்தம் ஆரம்பித்தது.

"முதுகு மேட்டுல ஈரம் படக்கூடாது" என்றார் தீர்த்தகிரியிடம். "ஈரக்கைகூட. இடது பக்கமா போங்க, பேசிட்டே போங்க. முள் கடிவாளம் போடாதீங்க, தேவையே இல்ல, கயித்துக்கே நிக்கும். மேளத்துக்கு…" அதற்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மறந்துருவேங்க. எழுதிக் குடுத்துருங்க."

தீர்த்தகிரி சொன்னது கேலியாகவும் இருக்கலாம். உபகாரசாமி வண்டியின் முன்பக்கத்தில் வைத்து, தீவனக் கடை ரசீது ஒன்றின் பின்புறம் எழுதினார். எட்டு வரி வந்தது. எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதினார். தீர்த்தகிரி அதை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார்.

வண்டி கரும்பு வயல்களுக்கு நடுவே போய் நாமக்கல் சாலையில் திரும்பியது. காளியாத்தாள் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். சேலம் போகவும் அதே சாலைதான். வண்டியின் பின்னாலேயே போக வேண்டாமென்று, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார்.